ராஜினாமாவும் 62 சென்ட் நிலமும்

போன மாசம் எங்க டீமில் ஒருத்தன் பேப்பர் போட்டான். பொட்டி தட்டுறவங்க பாஷையில் பேப்பர் போடுவது என்றால் ராஜினாமா. ட்ரீட் எல்லாம் முடிந்து ரூமுக்கு வந்தால் ஊரிலிருந்து அப்பா போன். "டேய், அந்தக் கரட்டு நிலத்தை எப்படியாவது தலைமுழுகணும்டா. எனக்கப்புறம் உனக்கு அது ஒரு இம்சையா இருக்க வேண்டாம்" என்றார்.

கரட்டு நிலம் என்பது தர்மபுரி பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் 62 சென்ட் புஞ்சை. பரம்பரையாக வந்தது. பாதி பாறை. கிணறு இல்லை. வண்டிப்பாதை இல்லை, அடுத்தவர் வரப்பில் நடந்துதான் போக வேண்டும். ரெண்டு தடவை விற்கப் பார்த்தோம். வந்தவர்கள் பாறையைப் பார்த்தார்கள், எங்க வீட்டில் மோர் குடித்தார்கள், போனார்கள். அவ்வளவுதான்.

"பேசாம கவர்மெண்டுக்கே ஒரு ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்கப்பா" என்றேன் விளையாட்டாக. அப்பா சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல அப்படித்தாண்டா கொடுப்பாங்க. 'நிலத்தை ராஜினாமா பண்ணிட்டான்'னு எங்க தாத்தா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றார்.

ஆஹா, கொக்கி விழுந்துடுச்சு. அடுத்த ரெண்டு வார சனி, ஞாயிறு இதிலேயே போனது. தோண்டினதை எல்லாம் இங்கே கொட்டுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கோங்க மக்களே.

முதலில் அந்த வார்த்தை. ராஜினாமாவில் ராஜாவும் இல்லை, ஆங்கில 'ரிசைன்' என்பதும் இல்லை. பாரசீகத்தில் ராஜி என்றால் சம்மதம், நாமா என்றால் எழுத்து, பத்திரம். ஊர்ப் பஞ்சாயத்தில் "ரெண்டு பேரையும் ராஜி பண்ணி வெச்சாங்க" என்று சொல்கிறோமே, அதே ராஜி. கோர்ட்டில் ரெண்டு தரப்பும் சமாதானமாகப் போய் எழுதிக் கொடுப்பதும் ராஜினாமாதான். கும்பினி காலத்துக் கச்சேரிகளில் இதற்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஒரு விவசாயி, "இந்த நிலம் இனி எனக்கு வேண்டாம், என் சம்மதத்தோடு விட்டுவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுக்கும் சீட்டு. இதற்கு நேர் எதிர்ச்சொல் தர்க்காஸ்து. அது நிலம் வேண்டும் என்று போடும் மனு. ஊர்ப்பக்கம் இன்னும் "தர்க்காஸ்து நிலம்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். தர்க்காஸ்து போட்டு நிலம் எடு, ராஜினாமா போட்டு நிலத்தை விடு. நாம வேலையில் சேருவதும் விலகுவதும் மாதிரியேதான்.

இந்த ஏற்பாடு முளைத்த இடங்களில் முக்கியமானது எங்க ஊர்ப்பக்கம் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகாலை கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர் பக்கம். அதை நிர்வாகம் பண்ண வந்தவர் அலெக்சாண்டர் ரீடு என்ற ராணுவ அதிகாரி. அவருக்கு மூன்று உதவியாளர்கள், மூவரும் பட்டாளத்து ஆட்கள். அதில் ஒருவர்தான் தாமஸ் மன்றோ. சென்னையில் மவுண்ட் ரோடு தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். 1792 முதல் 1799 வரை ஏழு வருஷம் இந்தப் பக்கம்தான் சுற்றியிருக்கிறார்.

மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு, பல வருஷத்துக்குச் சேர்த்து குத்தகை பேசு என்பது. விவசாயிகள் தயங்கினார்கள். ஏன் என்று எங்க ஊரில் ஒரு ஐப்பசி பார்த்தவர்களுக்குப் புரியும். மழை வந்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஐந்து வருஷத்துக்கு இவ்வளவு கட்டுகிறேன் என்று எவன் கையெழுத்துப் போடுவான்? ரீடு 1796-ல் ஓர் அறிவிப்பு கொடுத்தார். வருஷா வருஷம் கணக்குப் பார்க்கலாம், வேண்டிய நிலத்தை வைத்துக்கொள், வேண்டாததை விட்டுவிடு. அடுத்த வருஷம் மன்றோ எழுதிய திட்டத்தில் இதை ஒரு விதியாகவே வைத்தார். வருஷக் கடைசியில் விவசாயி தன் வசதியைப் பார்த்து நிலத்தில் ஒரு பகுதியை விடலாம், கூடுதலாகவும் எடுக்கலாம். ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதன் அடியில் இருப்பது இதுதான். பரீட்சைக்கு "அரசு நேரடியாக விவசாயியிடம் வரி வாங்கும் முறை" என்று எழுதிவிட்டு வந்துவிட்டோம். விடும் உரிமையைப் பற்றி யாரும் நமக்குச் சொல்லவில்லை.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். அதற்கு முன்னால் நிலத்தை விடுவதற்கு இருந்த வழி என்ன என்று யோசியுங்கள். ராத்திரியோடு ராத்திரியாக பெண்டாட்டி பிள்ளை, மாடு கன்றோடு அடுத்த சீமைக்கு ஓடுவது. தாங்காத வரி போட்டவனுக்கு விவசாயி எழுதிக் கொடுத்த ராஜினாமா அதுதான். மன்றோவின் கணக்கு எளிமையானது. ஒரு பகுதியை மட்டும் விட வழி இருந்தால் ஆள் ஊரிலேயே இருப்பான், மீதி நிலத்துக்கு வரி வரும். வழி இல்லாவிட்டால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவான்.

நல்லா இருக்கே என்று தோணுதா? இருங்க, கதை இனிமேல்தான்.

மன்றோ 1800-ல் பெல்லாரி, கடப்பா பக்கம் போனார். அங்கே அவர் போட்ட வரி கிட்டத்தட்ட மொத்த விளைச்சலில் 45 சதவீதம். நிகர லாபத்தில் இல்லை சாமி, மொத்த விளைச்சலில்! ஒரு விவசாயி கட்ட முடியாமல் போனால் ஊரில் உள்ள மற்றவர்கள் தலையில் 10 சதவீதம் வரை கூடுதலாக ஏற்றலாம் என்று ஓர் ஏற்பாடு வேறு. 1807-ல் ஊருக்குத் திரும்பும் முன் அவரே அறிக்கை எழுதுகிறார்: வரியில் 25 சதவீதம் குறையுங்கள், கிணற்றுப் பாசனம் மாதிரி நிலங்களுக்கு இன்னும் 8 சதவீதம் குறையுங்கள், அப்போதுதான் நிலம் விலை போகும். இதைப் படித்தபோது எனக்குப் பளிச்சென்று ஒன்று புரிந்தது. நிலம் என்றாலே சொத்து என்று நாம நினைக்கிறோம். அன்றைக்கு வரி கட்டியது போக ஒன்றும் மிஞ்சாத நிலம் சொத்தே இல்லை, கடன். கடனை எவன் காசு கொடுத்து வாங்குவான்?

மன்றோ சொன்னதை மேலிடம் உடனே கேட்கவில்லை. எங்க சேலம் ஜில்லாவில் நிலத்தை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டு, மிட்டாதார் என்ற புது முதலாளிகளை உண்டாக்கினார்கள். அதில் நிறைய பேர் கட்டமுடியாமல் திவாலானார்கள். வேறு இடங்களில் ஊரையே மொத்தமாக மூன்று வருஷ, பத்து வருஷக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார்கள். 1820-ல் மன்றோவே சென்னைக்கு கவர்னராக வந்த பிறகுதான் ரயத்துவாரி திரும்ப வந்தது. கூடவே ராஜினாமா உரிமையும்.

காகிதத்தில் உரிமை இருந்தது. நடைமுறையில் ரெண்டு முட்டுக்கட்டை.

ஒன்று, நல்ல நிலத்தை வைத்துக்கொண்டு சொத்தை நிலத்தை மட்டும் விட முடியாது. விட்டால் நல்லதையும் கெட்டதையும் சேர்த்து விட வேண்டும் என்றார்கள். எங்க அப்பா அந்தக் காலத்தில் இருந்திருந்தால், 62 சென்ட் கரட்டோடு கிணற்றடி நிலத்திலும் கொஞ்சம் எழுதிக் கொடுக்க வேண்டி வந்திருக்கும்.

ரெண்டாவது இன்னும் மோசம். நிலத்தை நிறைய பேர் விட்டால் தாலுகா வசூல் குறையும். வசூல் குறைந்தால் தாசில்தார் தலை உருளும். அதனால் கீழே இருந்த ஆட்கள் ராஜினாமாவை லேசில் வாங்கமாட்டார்கள். வரி பாக்கி வசூலுக்கு என்னவெல்லாம் செய்தார்கள் என்பது 1855-ல் வெளியான சித்திரவதைக் கமிஷன் அறிக்கையில் இருக்கிறது. கிட்டி என்று ஒரு கருவி, ரெண்டு கட்டைக்கு நடுவில் விரல்களை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள் என்று ஒரு தண்டனை, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து ஆளைக் குனிய வைத்து வெயிலில் நிறுத்துவது. கஜுலு லட்சுமிநரசு செட்டியும் அவர் நடத்திய சென்னை சுதேசி சங்கமும் லண்டன் வரை மனு அனுப்பிக் கத்திய பிறகுதான், 1854-ல் பார்லிமெண்டில் பேச்சு எழுந்து இந்தக் கமிஷனே அமைந்தது. நம்ம பள்ளிப் புத்தகத்தில் இவர் பெயர் ஒரு வரி வந்தாலே அதிகம்.

இதற்கப்புறம் கொஞ்சம் திருந்தினார்கள். வரியைக் குறைக்கப் புது சர்வே தொடங்கியது, 1858-ல் அதற்கென்றே தனி இலாகா. அரசாங்கத்தின் நிர்வாக அறிக்கைகளில், வரி கட்டும்வரை விவசாயியை வெளியேற்ற முடியாது, அவன் விரும்பினால் வருஷா வருஷம் நிலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், மொத்தமாக விடலாம் என்று பெருமையாகவே எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. சேலம் ஜில்லா ரொம்ப அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. ராஜினாமா எழுதக்கூடத் தெம்பில்லாமல் ஜனங்கள் செத்தார்கள், கப்பல் ஏறினார்கள். அதற்கடுத்த வருஷங்களுக்கு ரோஜர்ஸ் என்ற ஓய்வுபெற்ற பம்பாய் அதிகாரி ஒரு கணக்குக் கொடுத்தார், அதை ரமேஷ் சந்திர தத் எடுத்துப் பேசினார். 1879-80 முதல் 1889-90 வரை 11 வருஷத்தில் சென்னை மாகாணத்தில் வரி பாக்கிக்காக ஏலம் போனது சுமார் 19.6 லட்சம் ஏக்கர். நிலம் இழந்தவர்கள் சுமார் 8.4 லட்சம் பேர். அந்த 19.6 லட்சத்தில் கிட்டத்தட்ட 11.7 லட்சம் ஏக்கரை ஏலம் கேட்க ஒருத்தரும் வரவில்லை, அரசாங்கமே எடுத்துக்கொண்டது.

ஒரு நிமிஷம் இங்கே நில்லுங்க. நூறு ஏக்கர் ஏலத்துக்கு வந்தால் அறுபது ஏக்கரை யாருமே சீண்டவில்லை. அரசாங்கம் எழுதிய வரியோடு அந்த நிலம் யாருக்கும் வேண்டாம். இதுவும் ஒரு வகை ராஜினாமாதான், சம்மதம் இல்லாத ராஜினாமா.

இவ்வளவு படித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி வந்தது. உண்மையிலேயே அந்த நிலம் யாருக்கும் வேண்டாமா?

இதற்கு பதில் செங்கல்பட்டில் கிடைத்தது. அங்கே கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். ஊரில் தரிசு கிடக்கிறது. அதை உழத் தெரிந்த, காலம் காலமாக அடுத்தவன் நிலத்தில் உழுதே தேய்ந்த ஜனங்கள் சேரியில் இருக்கிறார்கள். தர்க்காஸ்து போட்டால் நிலம் கிடைக்க வேண்டியதுதானே? கிடைக்காது. அங்கே இருந்த விதிப்படி முதல் உரிமை மிராசுதாருக்கு. அவர் உழமாட்டார், ஆனால் சேரிக்காரர் தர்க்காஸ்து போட்டதும் "எனக்கு வேணும்" என்பார். இந்த அறிக்கைக்குப் பிறகு 1892-ல் வந்த அரசாணையில்தான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் முடிவு வந்தது. இன்றைக்கும் நாம் பேசிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலம் அதுதான். அதைக் குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, பிறகும் அதே வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை போட்டார்கள். போட்ட நிபந்தனையை மீறி அது எப்படி எப்படியோ கைமாறியது தனிக்கதை, தனிப்பதிவு.

ஆக, விடும் உரிமையைப் பற்றி மன்றோ முதல் எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். விட்டதை யார் எடுக்கலாம் என்ற கேள்வி அரசாங்கத்தின் மேஜைக்கு வர கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகியிருக்கிறது.

சுதந்திரத்துக்கு அப்புறம் இதே கேள்வியை வேறு மாதிரி கேட்டவர் வினோபா பாவே. 1951 ஏப்ரலில் தெலங்கானாவின் போச்சம்பள்ளியில் ராமச்சந்திர ரெட்டி என்பவர் 100 ஏக்கர் கொடுக்க, பூதான இயக்கம் தொடங்கியது. 1956, 57-ல் வினோபா தமிழ்நாட்டிலும் நடந்தார். 1958-ல் இங்கே பூதானச் சட்டமும் வந்தது. மனசாரக் கொடுத்தவர்கள் நிறைய. கூடவே பாறையையும் கரட்டையும் வழக்கில் கிடந்ததையும் தள்ளிவிட்டவர்களும் நிறைய. (எங்க 62 சென்ட் அப்போது எப்படித் தப்பித்தது என்று தெரியவில்லை. :-))

சரி, இன்றைக்கு ஒருத்தருக்கு நிலம் வேண்டாம் என்றால் என்ன வழி? தேடிப் பார்த்ததில்:

1. விற்பது. வாங்க ஆள் வேண்டும். எங்களுக்கு இல்லை.

2. விடுதலைப் பத்திரம். கூட்டுச் சொத்தில் நம் பங்கை மற்ற பங்காளிக்கு விட்டுக்கொடுப்பது. அப்பா பேரில் தனிப் பட்டா என்பதால் எங்களுக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் சித்தப்பா வாங்கமாட்டார்.

3. தானப் பத்திரம். 1882 சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 122-ம் பிரிவுப்படி, கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் அதை ஏற்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் தானமே இல்லை. அதே சட்டத்தின் 127-ம் பிரிவு இன்னும் சுவாரசியம். ஒரே தானத்தில் நல்லதையும் சுமையையும் சேர்த்துக் கொடுத்தால், நல்லதை மட்டும் பொறுக்கிக்கொள்ள முடியாது. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே, ஞாபகம் இருக்கா?

4. சும்மா போட்டுவைப்பது. பன்னிரண்டு வருஷம் வேறொருவர் நமக்கு எதிராக அனுபவித்து, நாமும் கேட்காமல் இருந்தால், 1963 காலவரையறைச் சட்டப்படி நம் உரிமை போய்விடும். ஆனால் நம் அனுமதியோடு ஒருவர் இருந்தால் அந்தக் கணக்கு ஓடாது.

5. அரசாங்கத்திடம் ஒப்படைப்பது. அட, நம்ம ராஜினாமாவேதான்! வருவாய்த்துறை நிலையாணைகளில் இதற்கு இடம் இருக்கிறது. ஆனால் நிபந்தனை இல்லாமல் விட வேண்டும். "இன்னாருக்குக் கொடுங்கள்" என்று எழுதினால் அது ஒப்படைப்பு ஆகாது, கைமாற்றம் ஆகிவிடும்.

ஐந்தையும் அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். "அப்போ கவர்மெண்டுக்குக் கொடுத்தா யாருக்குப் போகும்னு நம்ம கையில இல்ல?" என்றார். இல்லை என்றேன்.

ஒரு விஷயம் உங்களிடம் இதுவரை சொல்லவில்லை. அந்த 62 சென்டில் பாறை போக மிச்சத்தில் புரட்டாசிக்குப் புரட்டாசி ஒருத்தர் கொள்ளு விதைக்கிறார். மீதி நாளில் அவர் வீட்டு ஆடுகள் மேயும். காலனியில் இருக்கிறவர். அவர் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். எங்க வீட்டில் யாரும் காசு கேட்டதில்லை, அவரும் பொங்கலுக்கு ஒரு படி கொள்ளு கொடுத்தனுப்புவார். நாங்கள் ரெண்டு தடவை விற்க ஆள் கூட்டிப் போனபோது அவர்தான் முன்னால் நடந்து வரப்பில் வழி காட்டினார். வாங்க வந்தவர்கள் சரி என்று சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. "யாருக்குமே வேண்டாத நிலம்" என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பதிவின் முதல் பத்தியிலும் அந்த மாதிரிதான் எழுதியிருக்கிறேன், பாருங்கள்.

"அவருக்கே எழுதிக் கொடுத்துட்டா என்னப்பா?" என்றேன்.

ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியாதுடா. நீ அங்க உக்காந்துகிட்டு ஈசியா சொல்ற" என்றார். வாஸ்தவம்தான். தினமும் டீக்கடையில் அந்த முகங்களைப் பார்க்க வேண்டியவர் அவர், நான் இல்லை. நானும் மேற்கொண்டு பேசவில்லை.

நாலு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பத்திரச் செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அப்புறம், "தானம்னா வாங்குறவன் சம்மதமும் வேணும்னு சொன்னியே? அப்போ முதல்ல அவன்கிட்ட போய்க் கேக்கணும்ல, வேணுமா வேண்டாமான்னு. இத்தனை வருஷத்துல நாம கேட்டதே இல்லையேடா" என்றார்.

கேட்டுவிட்டாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, பொட்டி தட்டுறவன். உங்க வீட்டு நிலத்துக்கு இந்தப் பதிவை நம்பி எதுவும் எழுதிக் கொடுத்துடாதீங்க, நல்ல பத்திர எழுத்தரையோ வக்கீலையோ பாருங்க. உங்க வீட்டுப் பெரியவர்கள் யாராவது நிலத்தை "ராஜினாமா" பண்ணின கதை தெரிந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். பழைய டிரங்குப் பெட்டியில் அப்படி ஒரு சீட்டு கிடந்தால் இன்னும் சந்தோஷம்.